எழுத்துக்கே உரிய இறந்தகாலம்: ‘அந்நிய’னை முன்வைத்து ஒரு நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வீதியில் அமைந்த திகன என்னும் ஊரில் தமிழும் சிங்களமும் அருகருகே வழங்குகின்றன. அங்கே சிங்களம் பயிலத் தொடங்கும் தமிழ் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் வியப்பு வினைச்சொல்லில் உள்ளது. போதல் என்னும் வினையின் இறந்தகாலம் கடைத்தெருப் பேச்சில் நான், அவன், அவள் என எல்லார்க்கும் ‘கியா’ என்ற ஒரே வடிவில் நிற்கிறது. செய்தித்தாளைப் பிரித்தால் அதே வினை ‘கியெமி’, ‘கியேய’, ‘கியாய’ என இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப ஈறு மாறுகிறது. அவ்வீற்றைக் கண்ட அளவிலேயே அது பேச்சன்று, எழுத்து என்பது தெளிவாகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க ஒரு நிலை பிரெஞ்சு மொழியிலும் உண்டு. அம்மொழியில் நடந்து முடிந்த செயலைக் கூற இரு வடிவங்கள் உள்ளன. ஒன்று எளிய இறந்தகாலம். ‘இல் அலா’ என ஒரே சொல்லில் ‘அவன் போனான்’ என்பதைக் கூறுவது. மற்றது கூட்டு இறந்தகாலம்; துணைவினையின் நிகழ்கால வடிவத்தோடு எச்சவடிவம் ஒன்றைச் சேர்த்து அமைவது. 1660இல் வெளிவந்த போர்-ரோயால் இலக்கணம், எளிய வடிவம் அன்றைய நாளுக்கு முற்பட்ட நிகழ்ச்சிக்கே உரியது என்று வரையறுத்தது. பின்னர் பேச்சில் அவ்வடிவம் தேய்ந்தது. அதன் மறைவினை அந்துவான் மெய்யே 1909இல் ஆராய்ந்தார். இன்று அது பெரும்பாலும் நாவலுக்கும் வரலாற்றுக்கும் உரிய வடிவமாகும். பள்ளி மாணவர் அதன் ஈறுகளை மனனஞ் செய்கின்றனர். உரையாடலில் எவரும் வழங்குவதில்லை.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று. எமில் பென்வெனிஸ்த் 1959இல், எளிய இறந்தகாலம் கூறுவோன் மறைந்து நிகழ்ச்சிகள் தாமே தம்மைச் சொல்லும் வரலாற்று உரைக்குரியது எனவும், கூட்டு இறந்தகாலம் பேசுவோனின் இருப்பை உணர்த்துவது எனவும் பிரித்துக் காட்டினார். அதற்கு முன்னரே, 1953இல், ரொலாண் பார்த் எளிய இறந்தகாலத்தை நாவலின் அடையாளமாகவே கண்டார். சிதறிய உலகினை ஒழுங்குபட்டதாக, காரண காரியத் தொடராகக் காட்டும் ஆற்றல் அதற்குண்டு என்பது அவர் கருத்து.

இப்பின்னணியிலேயே 1942இல் வெளிவந்த ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவலை நோக்குதல் வேண்டும். அதன் கதைசொல்லியான மெர்சோ, இலக்கியத்துக்குரிய வடிவத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுக் கூட்டு இறந்தகாலத்திலேயே தன் கதையைக் கூறுகிறான். தாயின் இறப்பைத் தெரிவிக்கும் தொடக்க வினையும் அவ்வடிவினதே. அடுத்த ஆண்டில் இந்நாவலை ஆராய்ந்த சார்த்ர், இதன் வாக்கியம் ஒவ்வொன்றும் ஒரு தீவு என்றார். முன்னதற்கும் பின்னதற்கும் காரணத் தொடர்பு காட்ட மறுக்கும் மனத்துக்கு அவ்வினை வடிவம் உகந்த கருவியாயிற்று. ஐந்தாண்டுகளின் பின் ‘கொள்ளைநோய்’ நாவலில் காம்யு எளிய இறந்தகாலத்துக்குத் திரும்பினார். அது ஒரு நகரின் வரலாற்றுக் குறிப்பாக எழுதப்பட்ட கதை. எனவே, காலவடிவத் தேர்வு ஆசிரியரின் உலகநோக்கோடு பிணைந்தது என்பது தெளிவு.

வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரே மொழிபெயர்த்த ‘அந்நியன்’ 1980இல் க்ரியா வெளியீடாக வந்தது. இம்மொழிபெயர்ப்பை மதிப்பிட முனையும் திறனாய்வாளர் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். தமிழில் ‘போனேன்’ என்பது பேச்சுக்கும் பொது, எழுத்துக்கும் பொது. ஒலி மாறலாம், வடிவம் மாறுவதில்லை. ‘போயிருக்கிறேன்’ என்பது அமைப்பால் பிரெஞ்சின் கூட்டு வடிவினை ஒத்தது; ஆயினும் பொருளால் ஒவ்வாது. அது அனுபவத்தையோ முடிந்த நிலையையோ குறிக்குமேயன்றிக் கதையை நடத்திச் செல்லாது.

ஈழத்தவர்க்கு இங்கு ஒரு வழி தோன்றலாம். யாழ்ப்பாணப் பேச்சில் ‘நான் போனனான்’, ‘அவர் சொன்னவர்’ என வினையாலணையும் பெயரே பயனிலையாக நின்று இறந்தகாலம் உணர்த்துகிறது. அது பேசுவோனின் நேர்ச் சான்றினைப் புலப்படுத்துவது. உரைநடை எழுத்து பெரிதும் ஏற்காதது. மெர்சோவின் குரலுக்கு இதனினும் நெருங்கிய வடிவம் தமிழில் இல்லை எனவும் வாதிடலாம். ஆனால் திகனையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் மலையகத் தமிழன் ‘போனேன்’ என்றே கூறுகிறான். அவன் செவியில் ‘போனனான்’ என்பது பேச்சுமொழியாக ஒலிக்காது. யாழ்ப்பாணத்தவன் மொழியாகவே ஒலிக்கும். பிரெஞ்சின் கூட்டு இறந்தகாலத்துக்கு இத்தகைய பிரதேச முத்திரை இல்லை. ஆகவே இவ்வழி ஒரு நுண்மையைக் காத்து, இல்லாத வேறொன்றைப் புகுத்திவிடும்.

உண்மையில் தமிழ் இவ்வேறுபாட்டினை வினையின் ஈற்றில் வைக்கவில்லை. முற்றுக்கும் எச்சத்துக்கும் இடையில் வைத்துள்ளது. ‘அவன் எழுந்து, கதவைத் திறந்து, வெளியே பார்த்துத் திரும்பினான்’ என்பதில் எச்சங்கள் நிகழ்ச்சிகளை ஒரே நூலில் கோத்து இறுதி வினையை நோக்கி நடத்துகின்றன. பிரெஞ்சின் எளிய இறந்தகாலம் ஆற்றும் பணி இதுவே. ‘அவன் எழுந்தான். கதவைத் திறந்தான். வெளியே பார்த்தான். திரும்பினான்’ என்னும்போது கோவை அறுகிறது. ஒவ்வொரு செயலும் தனித்து நிற்கிறது. சார்த்ர் கூறிய தீவுகள் இவை.

ஆதலின் ‘அந்நிய’னின் தமிழாக்கத்தில் எழுப்ப வேண்டிய வினா, கூட்டு இறந்தகாலத்துக்கு நிகரான சொல்வடிவம் கிடைத்ததா என்பதன்று, எச்சத்தால் கோக்கும் தமிழின் இயல்பான நாட்டம் தடுக்கப்பட்டதா என்பதே. குறு வாக்கியங்களைக் குறு வாக்கியங்களாகவே நிறுத்த முயலும் ஸ்ரீராமின் நடை இவ்வளவையால் பாராட்டுக்குரியது. தமிழ்ச் செவிக்கு அது சற்று வறண்டு ஒலிப்பதைக் குறையெனக் கூறுவோர் உளர். அவ்வறட்சியை ‘வந்து’, ‘சென்று’ எனும் எச்சங்களால் நிரப்பியிருப்பின் நடை இனித்திருக்கும். மெர்சோ மட்டும் மறைந்திருப்பான். தன் வாழ்வுக்குக் காரணத் தொடர் கற்பிக்க மறுத்தவனை இலக்கணம் காரணத் தொடருக்குள் மீட்டுக்கொண்டிருக்கும். மொழிபெயர்ப்புத் திறனாய்வு சொற்பொருளோடு நின்றுவிடாது வினைமுடிபினையும் ஆராய வேண்டியதன் இன்றியமையாமை இதனால் பெறப்படும்.