குதிரைவாலிக்கு எந்தத் துறை?

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் காட்டில் விளையும் குதிரைவாலியை ஒரு மாணவர் ஆய்வுக்கு எடுத்தால் எந்தத் துறையில் பதிவார்? மணி சிறிது, உமி கெட்டி. அதிகம் தீட்டினால் குருணையாகும். குறைத்தால் உமி நிற்கும். இது பொறியியல். தவிட்டின் எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை அடிப்பது உணவறிவியல். தை அறுவடையில் விலை சரிவது பொருளியல். ஆலை வைக்கும் உழவர் குழுவில் பெண்களுக்கு என்ன பங்கு என்பது சமூகவியல். தொழில்முனைவில் இந்த நான்கும் ஒரே கேள்வி. பல்கலைக்கழகத்தில் நான்கு கட்டடம்.

சுவரைத் தாண்ட வழி திறந்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல துறை ஆய்வுக்கு வெளித்துறையிலிருந்தும் இணை கைடு வைத்துக்கொள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 முனைவர் பட்ட விதி இடம் தருகிறது. அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மதுரை வேளாண் கல்லூரியில் நபார்டு உதவியோடு தொழில் ஊக்குவிப்பு மையம் நடக்கிறது. இங்கெல்லாம் சோதித்துப் பார்க்கும் இயந்திரம் சரிவராவிட்டால் நட்டம் ஆய்வகத்தோடு நிற்கும், சம்சாரி தலையில் விழாது. இந்த ஏற்பாட்டின் பெரிய பலம் அதுதான்.

பலவீனம், பணம் பொருளின் பின்னால் மட்டும் ஓடுவது. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தின் வவுச்சர் திட்டம் 2 லட்சம், 5 லட்சம் ரூபாய் வரை தருவது, யோசனையைப் பொருளாக்கத்தான். அந்தப் பொருளைச் செய்த சிற்றாலை ஏன் மூடப்பட்டது என்று தேடுகிறவருக்கு அதில் இடமில்லை. ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். ஆனால் அதற்கான தேசியத் தேர்வில் தேறியவருக்கே. சிற்றூர்க் கல்லூரி மாணவர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்துக் களஆய்வு பழகிய எம்.ஃபில்லும் 2022 விதியோடு நின்றுபோனது. அந்த ஆய்வேடுகள் எல்லாமே தரமானவை அல்ல. அதற்காக வாசலையே அடைத்திருக்க வேண்டியதில்லை.

கால அட்டவணையும் பொருந்தவில்லை. முதுநிலைக் கடைசிப் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. விதைப்போ புரட்டாசி, ஐப்பசியில். அறுவடை விலையை மட்டும் பார்த்த மாணவர், இருப்பு வைத்தவர் ஆடியில் என்ன விலைக்கு விற்றார் என்பதைப் பார்க்காமலே ஆய்வை முடிக்கிறார். லாபம் யாருக்குப் போனது என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.

எத்தனை மாணவர்கள் கம்பெனி பதிந்தார்கள் என்று எண்ணுவது சுலபம். உதவியின் பயனை அளக்க அது போதாது. ஒரு பயிர், இரண்டு துறைக் கைடுகள், விதைப்பிலிருந்து ஆடி விற்பனை வரை உதவித்தொகை: இப்படிச் சில ஆய்வுகளுக்குக் கொடுத்தாலே, அடுத்து ஆலை வைக்கிறவர் கடன் வாங்குமுன் படிக்க ஏதாவது இருக்கும்.