தூய ஒலியும் தப்பின் முழக்கமும்

ஒழுங்கான அதிர்வு இசையாகும், ஒழுங்கற்ற அதிர்வு இரைச்சலாகும் என்று பாடநூல்கள் வகுத்துரைக்கும். இவ்வரையறை எத்துணை உறுதியுடையது என ஆராயப் புகுவார்க்குப் பெருந்துணையாவது, ஜேர்மனிய இசையறிஞர் கார்ல்ஹைன்ஸ் ஸ்டொக்ஹவுசன் 1954இல் இயற்றிய ‘இரண்டாம் பயிற்சி’ என்னும் மின்னிசைப் படைப்பாகும். வீணையும் வயலினும் மனிதக் குரலும் இதில் இல்லை. மின்கருவி எழுப்பும் சைன் அலை ஒன்றே இதன் முதற்பொருள்.

சைன் அலை யாது? தம்புராவின் தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரம் மட்டும் எழுவதில்லை. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேற்றொனிகளும் உடன் எழுகின்றன. அவற்றின் அளவும் சேர்க்கையுமே வீணையை நாகசுரத்தினின்று வேறுபடுத்தும் காரணங்களுள் தலையாயவை. ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் பேரறிஞர் 1863இல் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விரிவாக நிறுவினார். மேற்றொனி ஒன்றுமில்லாத தனி அதிர்வே சைன் ஒலி. மெல்லத் தட்டிய இசைக்கவையின் ஒலி அதற்கு அணித்தானது.

இயற்கையும் ஓரளவு இத்தூய்மையை நோக்கிச் செல்வதுண்டு. கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேல் அமைந்த பட்டிப்பொலவைச் சூழ்ந்த மலைநாட்டில், காமன் கூத்து நிகழும் இரவில், தப்பின் முழக்கம் பள்ளத்தாக்கைக் கடந்து வரும். அருகில் நிற்பவன் குச்சி தோலிற்படும் கூர்மையையும் கேட்பான். எதிர்மலை லயத்தில் இருப்பவனை எட்டுவதோ மெத்தென்ற அதிர்வே. உயர்ந்த மேற்றொனிகளைக் காற்று முந்தி உறிஞ்சிவிடுகின்றது. தொலைவு கழித்துக் கழித்து நெருங்கும் நிலையை மின்கருவி தொடக்கத்திலேயே தந்துவிடுகின்றது. அங்கிருந்து கூட்டிச் செல்லுதலே இசையமைப்பாளனின் பணி.

அப்பணியைக் கொலோன் நகர வானொலி நிலையத்தில் ஸ்டொக்ஹவுசன் மேற்கொண்டார். ஒலிகளின் ஒழுங்கை மட்டுமன்றி ஒவ்வோர் ஒலியின் நிறத்தையும் தாமே இயற்றவேண்டும் என்பது அவர் வேட்கை. 1953இல் இயற்றிய ‘முதற் பயிற்சி’யில் சைன் ஒலிகளை ஒலிநாடாவில் ஒன்றன்மேலொன்றாக அடுக்கினார். பெல்ஜிய நாட்டுக் கரேல் கூய்வார்ட்ஸும் அவ்வாண்டிலேயே இவ்வழியில் முயன்றார். ஆயினும் ‘முதற் பயிற்சி’யில் அடுக்கப்பட்ட ஒலிகள் கரைந்து ஒரு புதிய நிறமாவதில்லை, பிரிந்து நின்றே செவிக்குப் புலனாகின்றன. பொருள் தூயதாயிருப்பினும் கலவை கூடவில்லை.

‘இரண்டாம் பயிற்சி’ இக்குறையினின்று பிறந்தது. 1:5 என்ற விகிதத்தை 25 சம படிகளாகப் பகுத்து, செக்கனுக்கு 100 அதிர்வு தொடங்கி 81 சுரங்களை ஆசிரியர் வகுத்துக்கொண்டார. ஒவ்வொரு படியும் வழக்கமான அரைச்சுரத்தினும் சற்றே பெரிது. எனவே 1:2 என்ற விகிதம் இவ்வரிசையில் எங்கும் அமைவதில்லை. ஆதார சட்சத்துக்கு மேற்சட்சம் கிடையாது! ஐந்தைந்து சுரங்களைப் பதிந்த நாடாத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, எதிரொலிக் கூடத்தில் ஒலிக்கச் செய்து, அங்கு எழுந்த முழக்கத்தையே மீண்டும் பதிந்தார். வளர்ந்து செல்லும் ஒலி வேண்டுமிடத்து நாடாவைப் பின்முகமாக ஓட்டினார். 1956இல் அச்சேறிய இசைக்குறிப்பில் காலம் நாடாவின் சென்ரிமீற்றரால் அளக்கப்பட்டுள்ளது.

ஈண்டு ஒரு முரண் கருதத்தக்கது. தூய்மையை நாடித் தொடங்கிய படைப்பு, கூடத்தின் சுவர்கள் தந்த மயக்கத்தாலேயே உயிர் பெற்றது. தூய்மை இசையின் மூலப்பொருளாகலாம். இசையின் பயன் ஆகாது.

இவ்வுண்மை தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. சீராக இழுத்துக் கட்டிய வட்டத்தோலின் மேற்றொனிகள் அடிப்படையின் 1.59, 2.14, 2.30 மடங்குகளாக முழுவெண் ஒழுங்கின்றி எழும். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணையோ அவற்றை முழுவெண் விகிதத்துக்குக் கொணர்கின்றது. திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சி. வி. இராமன் இதனை 1920இலும், விரிவாக 1934இலும் விளக்கினார். ஸ்டொக்ஹவுசன் நாடாவிற் செய்த மேற்றொனி அமைப்பை, மிருதங்கம் செய்வோர் பசையைப் படைபடையாகத் தேய்த்துக் கைத்திறத்தாற் பன்னெடுங்காலம் செய்து வந்துள்ளனர். அவர்தம் பெயர்களை இசை வரலாறு பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை.

தப்புக்குக் கரணை இல்லை. தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவதே அதன் சுருதி சேர்க்கும் முறை. அதன் மேற்றொனிகள் முழுவெண் ஒழுங்கில் அடங்கா. அக்காரணம் பற்றியே அதனை இசைக்கருவியென ஏற்கத் தயங்கியோர் உளர்; தயக்கத்தின் வேர் ஒலியில் அன்றி, அதனை முழக்குவோரின் சமூக நிலையில் இருந்தமையும் மறுக்கற்பாலதன்று. ‘இரண்டாம் பயிற்சி’யின் கலவைகளும் முழுவெண் ஒழுங்கில் அடங்காதவையே. உலக இசையரங்கு அவற்றை இசையென ஏற்றுக்கொண்ட பின்னர், தப்பின் முழக்கத்தை இரைச்சலென ஒதுக்குவது எந்த நியாயத்தின்பாற்படும்?

படைப்பிற் குறை இல்லாமலில்லை. சுரங்கள் படிபடியாகவே நிற்கின்றன. ஒன்றினின்று மற்றொன்றுக்கு இழையும் கமகம் இல்லை. கமகத்திற் பழகிய செவிக்கு இது வறட்சியாகவே தோன்றும். எண்களின் கட்டுப்பாடு சிற்சில இடங்களில் உணர்ச்சியை ஒடுக்கிவிடுகின்றது. எனினும் மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேற்பட்ட இச்சிறு படைப்பு, இசைக்கும் இரைச்சலுக்கும் இடையே பாடநூல் எழுப்பிய சுவரை அசைத்துவிட்டது. இதனைக் கேட்ட செவியோடு காமன் கூத்துக்குச் செல்லும் மாணவன், எதிர்மலையினின்று வரும் அம்முழக்கத்தை முன்னிலும் கூர்ந்து கேட்பான். அதுவே இப்படைப்பின் பெரும்பயன்.