கோரைப்பல் காதலும் காரைக்கால் பேயும்

ரத்தக்காட்டேரியைக் காதலனாக வைத்து எழுதப்படும் நாவல்கள் ஆங்கிலத்தில் தனி வகையாகத் திரண்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’வில் (1897) காட்டேரி எதிரியாகவே நிற்கிறது. அதைப் பற்றி மற்றவர்கள் நாட்குறிப்பிலும் கடிதத்திலும் எழுதுகிறார்கள், துரத்துகிறார்கள், கடைசியில் கொல்கிறார்கள். அதன் தரப்பைக் கேட்பவர் யாரும் இல்லை. 1976இல் வெளிவந்த ஆன் ரைஸின் ‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’ அந்த வாயடைப்பை நீக்கியது. அதில் காட்டேரியே தன் கதையைத் தன் வாயால் சொல்கிறது. லாரல் ஹாமில்டனின் அனிதா பிளேக் வரிசை 1993இலும், சார்லேன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசை 2001இலும் தொடங்கின. 2005இல் ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ வந்தபோது இந்த வகை பள்ளி மாணவிகளின் புத்தகப் பைவரை போய்விட்டது.

நகர்ப்புற மாயப்புனைவு என்பது இதன் உடன்பிறப்பு. பழைய மாயக்கதைகள் காட்டிலும் கோட்டையிலும் நடந்தன. இங்கே பேயும் தேவதையும் இன்றைய ஊரில் வீடு எடுத்துத் தங்கி, வேலை பார்த்து, காவல்துறைக்குப் பதில் சொல்லி வாழ்கின்றன. அனிதா பிளேக்கின் உலகில் காட்டேரிகளுக்குச் சட்ட உரிமை உண்டு. குற்றம் செய்த காட்டேரியைக் கொல்ல அவள் உரிமம் வைத்திருக்கிறாள். சூக்கியின் ஊரில் செயற்கை ரத்தம் பாட்டிலில் விற்கிறது. அதனால்தான் காட்டேரிகள் ஒளிவுமறைவின்றி மதுக்கடைக்கு வந்து உட்கார முடிகிறது. மாயத்தை ஓர் ஊரின் சட்டத்தோடும் சந்தையோடும் பொருத்திப் பார்க்கும் இந்தப் பிடிவாதம்தான் இவ்வகையின் முதல் பலம். மோசமான நாவல்களில்கூட இந்தக் கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை.

இரண்டாவது பலம் இன்னும் ஆழமானது. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருப்பவர் உண்மையில் யார் என்ற கேள்வி எந்தக் கல்யாணத்துக்கும் அடியில் கிடக்கிறது. சாதாரணக் குடும்பக் கதை அதைச் சுற்றிவளைத்துத்தான் தொடும். காட்டேரிக் காதல் கதை நேராகத் தொடுகிறது: துணைவர் மனிதப் பிறவியே இல்லை என்றால் என்ன செய்வது?

தமிழில் இந்தக் கேள்விக்கு மிகப் பழைய ஊர் காரைக்கால். பதினோராம் திருமுறையில் இடம்பெற்றுள்ள காரைக்கால் அம்மையாரின் காலம் 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவர் கதையை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்தார். காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவன் நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பிள்ளை பரமதத்தன். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த அடியாருக்குப் படைத்துவிட்டாள். உச்சிவேளையில் சாப்பிட வந்தவன் மீதிக் கனியைச் சுவைத்துவிட்டு மற்றதையும் கேட்கிறான். அவள் இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வந்து விழுகிறது. அதன் ருசி வேறாக இருப்பதைக் கண்டு அவன் துருவிக் கேட்க, உண்மை வெளிவருகிறது. இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வந்த கனி அவன் கைக்குள்ளேயே மறைந்துபோகிறது.

அந்தக் கணத்திலிருந்து பரமதத்தனுக்கு வீட்டில் இருப்பவள் மனைவி அல்ல, தெய்வம். அவளோடு வாழப் பயந்து, யாரிடமும் சொல்லாமல், வாணிபம் என்ற சாக்கில் கப்பல் ஏறுகிறான். திரும்பி வந்து பாண்டிநாட்டு ஊர் ஒன்றில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர் முதல் மனைவியைப் பல்லக்கில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடும்போது குடும்பத்தோடு அவள் காலில் விழுகிறான். கணவன் வணங்கிய பிறகு அவனுக்காகச் சுமந்த அழகு எதற்கு என்று அவள் பேயுருவை வரமாகக் கேட்டுப் பெறுகிறாள்.  

காட்டேரிக் காதலின் சட்டகம் அப்படியே இருக்கிறது. ஆள்தான் இடம் மாறியிருக்கிறார். மேலை நாவலில் அமானுஷ்யம் ஆணுக்கு, வியப்பு பெண்ணுக்கு. காரைக்காலில் அமானுஷ்யம் பெண்ணுக்கு, பயம் ஆணுக்கு. ‘ட்வைலைட்’டின் பெல்லா தன் காதலன் ரத்தம் குடிப்பவன் என்று தெரிந்த பிறகு இன்னும் நெருங்கிப் போகிறாள். பரமதத்தன் ஒரு மாம்பழத்துக்கே கடல் தாண்டிவிட்டான். அசாதாரணமானவளோடு குடும்பம் நடத்த ஒரு சாதாரண ஆணால் முடியுமா என்பதைச் சேக்கிழாரின் கதை சோதிக்கிறது. ஆண் காட்டேரியை மணக்கும் நாவல்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

இவ்வகையின் பெரிய குறை விலையைத் தள்ளுபடி செய்வது. காட்டேரியாதல் என்றால் சாவு, ஓயாத பசி, வெயிலை இழப்பது, உற்றாரைப் பிரிவது. ‘ட்வைலைட்’டில் வெயில் பட்டால் காட்டேரி எரிவதில்லை, மின்னுகிறது. நல்ல காட்டேரிகள் விலங்கு ரத்தத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. 2008இல் வந்த நான்காம் நூலில் பெல்லா காட்டேரியாகும்போது புதுக் காட்டேரிக்குரிய கட்டற்ற தாகம்கூட அவளைப் பெரிதாக வாட்டுவதில்லை. அழகு கூடுகிறது, பலம் கூடுகிறது, குழந்தையும் செல்வமும் கைவசம். இது பேய்க்கதையின் உடையில் வந்த சீர்வரிசைக் கதை.

அம்மையார் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் வரையும் பெண்பேயைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தெரியும். வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட இரண்டு பற்கள். பற்களைப் பொறுத்தவரை டிராகுலாவுக்கும் இந்தப் பேய்க்கும் பேதமில்லை. ஆனால் இந்தப் பற்களைப் பார்த்து யாரும் சொக்கிப்போவதற்கில்லை. மாற்றம் என்றால் இழப்பு என்பதை அந்தக் கவிதை மறைக்கவில்லை. சோழர்கால வெண்கலச் சிற்பிகளும் மறைக்கவில்லை: எலும்பு தெரிய உட்கார்ந்து கைத்தாளம் போடும் அந்த உருவம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்வரை போயிருக்கிறது.

அம்மையாரின் சொந்தப் பாடல்களில் மாங்கனியும் இல்லை, பரமதத்தனும் இல்லை என்பதும் இங்கே கவனிக்க வேண்டியது. அற்புதத் திருவந்தாதியிலும் பதிகங்களிலும் பேசுவது தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு குரல். அதன் காதல் முழுக்க ஆலங்காட்டில் ஆடுபவன் மேல். கல்யாணக் கதையைச் சேர்த்து எழுதியவர் பல நூற்றாண்டு கழித்து வந்த இன்னொருவர். பேயே தன்மையில் பேசும் உத்தியை ஆன் ரைஸின் சாதனையாகக் கொண்டாடும் வாசகர்கள் இந்தப் பதிகத்தைப் படித்தால் வரலாற்றைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்கள்.

அதற்காகப் புராணத்துக்கு எல்லா மதிப்பெண்ணையும் கொடுத்துவிட முடியாது. சேக்கிழாரின் புனிதவதி தன் அழகைக் கணவனுக்கான பொருளாகவே கருதுகிறாள். அவன் வேண்டாம் என்றதும் கழற்றிப் போடுகிறாள். சொல்லாமல் ஓடிப்போய் இரண்டாம் கல்யாணம் செய்தவன் மேல் கதையில் ஒரு கடுஞ்சொல் இல்லை. உடலை வைத்துக்கொண்டே, ஆசையை வைத்துக்கொண்டே அசாதாரணமாக இருக்க ஒரு பெண்ணுக்கு அங்கே வழி கிடையாது. காட்டேரிக் காதல் நாவல்கள் தருவது துல்லியமாக அந்த வழியைத்தான். சூக்கியும் அனிதாவும் விரும்பியவனை விரும்புகிறார்கள், வேண்டாமென்றால் விலகுகிறார்கள், அதற்காக உடலைத் தண்டிப்பதில்லை. பெண் வாசகர்கள் இந்நூல்களைத் தேடிப் படிப்பதற்கு இது போதுமான காரணம். இதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கும் விமரிசகர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

காரைக்கால் மக்களுக்கு இந்தக் கதை ஏட்டில் மட்டும் இல்லை. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் புனிதவதி திருக்கல்யாணம் நடக்கிறது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் அவற்றைப் பிடிக்க முண்டியடிக்கிறார்கள். பேயுருவில் கயிலை செல்லும் காட்சியும் விழாவில் உண்டு. ஆனால் கூட்டம் சேர்வது கல்யாணத்துக்கும் மாங்கனிக்கும்தான். பேயைவிடக் கல்யாணத்தை விரும்புவது மேலை வாசகர்களின் பலவீனம் மட்டும் அல்ல என்று தெரிகிறது.

அம்மையார் போய்ச் சேர்ந்த திருவாலங்காட்டுக்குப் பக்கத்து ஊர் பழையனூர். அங்கேயும் ஒரு வணிகன், ஒரு மனைவி, ஒரு பேய். கணவனால் கொல்லப்பட்ட பெண் நீலி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தேடி வருகிறாள். அவன் கையிலுள்ள கத்தி இருக்கும்வரை அவளால் தொட முடியாது. எனவே கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் குழந்தையையும் கைவிட்ட கணவன் என்று ஊரார் முன் அழுகிறாள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தங்கள் உயிர் ஜாமீன் என்று சொல்லிக் கத்தியை வாங்கிவைத்துவிட்டு, இருவரையும் ஒரு வீட்டில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் பிணம். வேளாளர்கள் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள்.

நகர்ப்புற மாயப்புனைவின் இலக்கணம் இதைவிடச் சுத்தமாக அமைந்த கதையைக் காண்பது அரிது. மாயத்துக்கு ஒரு விதி, விதிக்கு ஒரு ஓட்டை, ஓட்டையைத் திறக்க ஊர்ப் பஞ்சாயத்து. நீலி ஜெயிப்பது மந்திரத்தால் அல்ல, மனைவி சொன்னால் ஊர் நம்பும் என்ற நடைமுறையால். அனிதா பிளேக் வரிசையின் பிற்கால நூல்களில் காமம் துப்பறிதலை விழுங்கிவிட்டது என்று அதன் பழைய வாசகர்களே குறைப்படுவதுண்டு. விதிகளும் நிறுவனங்களும் பின்னுக்குப் போனால் இந்த வகை எப்படி இளைத்துவிடும் என்பதற்கு அந்த வரிசை சான்று.

நீலியைச் சமணர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில் பழையனூர்ப் பேய், சுடுகாட்டில் தவமிருக்கும் முனிவரை அரசிளங்குமரி வேடத்தில் மயக்கப் போகிறது. மயங்குவதற்குப் பதில் அவர் அறம் சொல்ல, பேய் சமணத்தை ஏற்று, ஊர் ஊராகச் சென்று பௌத்தர்களையும் பிறரையும் வாதில் வெல்கிறது. காதல் முறியும் இடத்தில் பேய்க்கு ஒரு தொழில் கிடைப்பது நல்ல கற்பனை. பின்னால் வரும் நீண்ட தருக்கங்களைப் பொறுமையோடு படிப்பவர்கள் குறைவு.

இத்தனை முதல் கையில் இருந்தும் நவீனத் தமிழ் அதை அதிகம் முதலீடு செய்யவில்லை. புதுமைப்பித்தன் விதிவிலக்கு. ‘காஞ்சனை’யில் பிச்சைக்காரியாக வந்து வேலைக்காரியாகத் தங்கிவிடும் பெண் பேயா இல்லையா என்று கடைசிவரை கணவனோடு வாசகனும் தவிக்கிறான். ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சிவன் சென்னை எஸ்பிளனேடில் இறங்கிப் பிழைப்புக்கு ஆடிக்காட்டப் போய் மதிப்பின்றித் திரும்புகிறார். அம்மையார் காலடியில் இருந்து பார்த்த அதே ஆட்டம்தான். இந்திரா சௌந்தர்ராஜனின் ‘விடாது கருப்பு’ நாட்டார் தெய்வத்தைத் தொலைக்காட்சித் தொடராக்கிப் பெரும் கூட்டத்தைச் சேர்த்தது. அங்கேயும் மையம் மர்மம், காதல் அல்ல.

திரைப்படங்களில் ‘காஞ்சனா’ (2011) முதல் ‘அரண்மனை’ (2014) வரை பேய் என்பது அநியாயமாகக் கொல்லப்பட்டவர். வந்த காரியம் பழிவாங்கல். முடிந்ததும் புறப்பட வேண்டும். நீலியின் வழி அது. தமிழ்ப் பேய்க்கு நியாயம் கிடைக்கிறது, காதல் கிடைப்பதில்லை. மேலைக் காட்டேரிக்குக் காதல் கிடைக்கிறது, அவன் கொன்றவர்களுக்கு நியாயம் கேட்க ஆளில்லை. ‘ட்வைலைட்’டின் காட்டேரிக் காதலன் எட்வர்ட் கல்லன் பெல்லாவின் அறைக்குள் இரவில் நுழைந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அன்பாகவே எழுதப்பட்டுள்ளது. மணிக்கட்டைப் பிடித்து முறைக்கும் கோபக்கார நாயகன் கடைசி அத்தியாயத்தில் உருகும் மாத நாவல்களுக்குப் பழகிய தமிழ் வாசகிக்கு அவன் அந்நியன் அல்லன். பல் மட்டும்தான் புதிது.

2025 ஆகஸ்டில் வந்த மலையாளப் படமான ‘லோகா அத்தியாயம் 1: சந்திரா’ இந்த இரண்டு வழிகளையும் சேர்த்துப் பார்த்த முயற்சி. டொமினிக் அருண் இயக்கிய அதில் கேரளத்துக் கள்ளியங்காட்டு நீலி, கல்யாணி பிரியதர்ஷன் உருவில் இன்றைய பெங்களூருவில் குடியேறுகிறாள். எதிர்வீட்டு இளைஞன் அவள்மேல் ஆசைப்படுகிறான்; உண்மை தெரிந்ததும் வெலவெலத்துப் போகிறான், ஆனால் பரமதத்தனைப்போல் ஓடிவிடுவதில்லை. நீலியின் வரலாற்றைச் சாதிக்கொடுமையோடு கட்டியது படத்தின் துணிச்சல். தொடர்படங்களுக்கு வழி வைப்பதற்காகக் காதலையும் பசியையும் பாதியில் விட்டது குறை. அந்தப் பாதியை ஒரு நாவல்தான் எழுத முடியும். பழையனூரையும் காரைக்காலையும் சொந்தமாக வைத்திருக்கும் மொழியில் அது இன்னும் எழுதப்படவில்லை. செயலிகளில் வரும் தமிழ்த் தொடர்கதைகளுக்கோ எட்வர்ட் கல்லன்தான் இன்னும் மாதிரி.