கொக்கு வெள்ளியும் கைக்காப்பும்

சஹாராவின் துவாரெக் மக்களுடைய பழைய வெள்ளிக் காப்புகளைப் பற்றிப் பேச்சு வந்தால், நகையா பணமா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். 1780 ஆம் ஆண்டு பொறித்த மரியா தெரேசா தாலரை உருக்கி நகை செய்த கொல்லர்கள் அவர்கள். நைஜீரியாவிலோ காப்பு வடிவத்திலேயே ‘மனில்லா’ என்ற பணம் ஓடியது. பிரிட்டிஷ் நிர்வாகம் அதைச் செல்லாக்காசாக்கியது 1949இல்தான். தூரத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். எங்கட நாட்டிலும் வெள்ளிக்கம்பியே காசாக ஓடியிருக்கிறது.

அதன் பெயர் லாரின். தென் ஈரானின் லார் நகரத்துப் பெயர். ஹோர்முஸ் வழியாக மேற்கு இந்தியக் கரைக்கும் மாலைதீவுக்கும் இங்கும் வந்தது. பாரசீகத்தில் இரண்டாக மடித்த நேர்க்கம்பி. இலங்கைக்கு வந்ததும் தூண்டில் முள்ளைப்போல வளைந்துகொண்டது. சிங்களத்தில் ‘கொக்கு ரிதீ’ என்பார்கள், கொக்கி வெள்ளி. எடை 5 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு.

எங்கட விழா மலர்களில் லாரினைப் பற்றி வருகிற கட்டுரைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. காசில் அரபெழுத்து இருக்கிறது, ஆகவே வணிகம் எங்கட கையில் இருந்தது என்று சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். இங்கே வார்த்த லாரின்கள் பலவற்றில் இருப்பது அரபெழுத்தைப் பார்த்துக் கீறின கோடுகள்தான், வாசிக்க வராது. எழுத்தறியாத ஒருவன் குத்தினதை எழுத்தறியாத இன்னொருவன் வாங்கியிருக்கிறான். அவன் நம்பினது எழுத்தையா?

ரொபர்ட் நொக்ஸ் இதற்குப் பதில் வைத்திருக்கிறார். 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் கைதியாக இருந்தவர். 1681இல் வந்த அவருடைய நூலின்படி, ‘பொன்னம்’ என்ற சின்னக் காசை அரசன் தவிர வேறு யாரும் அடித்தால் மரண தண்டனை. தூண்டில் காசையோ யாரும் செய்யலாம், விரும்பின முத்திரையைக் குத்தலாம். சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெள்ளை வெளேரென்று வராவிட்டால் செல்லாது. நம்பிக்கை வெள்ளியில் இருந்தது, முத்திரையில் இல்லை.

ஆனால் நொக்ஸிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. காசு ஒரு அதிகாரத்தில், பெண்களின் வெள்ளிக் காப்பும் அரைஞாணும் இன்னொரு அதிகாரத்தில். வெளியே போகும்போது நகையை ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். நெல்லை வட்டிக்குக் கொடுத்துப் பிழைத்த மனிசன்தான் அவர். இருந்தும் அந்த இரவலை உடுப்புச் சங்கதியாகவே விட்டுவிட்டார். கொட்ரிங்டனின் 1924 ஆம் ஆண்டு நாணய நூல் காசைப் பற்றியது. அதில் காப்பைத் தேடுவது நியாயமில்லை. நொக்ஸ் இரண்டையும் கண்ணால் கண்டவர்.

இந்த விஷயத்தில் பிக்ஹு நூல்கள் கூர்மையானவை. ஆகுமான, அணிகிற நகைக்கு ஸகாத் இல்லை என்பது ஷாஃபி மத்ஹபின் முடிவு. அதே காப்பைச் சேமிப்பென்று எண்ணிப் பூட்டி வைத்தால் ஸகாத் உண்டு. பொருள் மாறவில்லை, நிய்யத் மாறுகிறது. ஹனஃபிகள் அணிந்தாலும் உண்டென்பார்கள். ஏறக்குறைய 85 கிராம் தங்கம், பத்தரைப் பவுண் சொச்சம், நிஸாப். பவுண் என்று நாம் எடை சொல்வதே ஒரு இங்கிலீஷ் காசின் பெயர். மகளுக்குக் காப்பு எத்தனை பவுண் என்று கேட்கும்போது காசைக் கொண்டுதான் நகையை அளக்கிறோம்.

ஹெந்தளையிலும் மாபோலையிலும் உம்மாமார் இதை நூல் படிக்காமலே அறிவார்கள். கட்டார் டிக்கட்டுக்குப் போனது காப்பு. 2022இல் அரிசிக்கும் பால்மாவுக்கும் போனதும் காப்பு. அடகுக்கடையில் உரைகல்லில் தேய்ப்பதும் நொக்ஸ் கண்ட அந்த நெருப்புச் சோதனைக்கு உறவுதான்.

ஒன்றுதான் இன்னும் எழுதப்படவில்லை. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் கைக்கூலியைப் பேசுகிறது: பெண்ணின் உபயோகத்துக்காக மாப்பிள்ளையிடம் கொடுத்த, கொடுப்பதாகச் சொன்ன பணம் அல்லது அசையும் பொருள். காழியார் முன் அதைத் திருப்பிக் கேட்கலாம். ஆனால் காப்பு மாப்பிள்ளையிடம் கொடுக்கப்படுவதில்லை. பெண்ணின் கையில் ஏறுகிறது. பிறகொரு நாள் அவன் கழற்றிக்கொண்டு போய் அடகு வைக்கிறான். துண்டு அவன் பெயரில். தலாக் என்று வந்தால் அந்தக் காப்பு அவளுடைய நகையா, அவன் செலவழித்துவிட்ட பணமா? லாரினில் எங்கட பெருமையைத் தேடுகிற ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கையும் கொஞ்சம் தேடட்டும். காழி நீதிமன்றப் பழைய கோப்புகளில் தொடங்கலாம்.