புறநானூறும் விண்வெளி வழக்கும்

1969-இல் நிறுவப்பெற்ற இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பணிகளைப் பொதுமக்கள் வாதிக்குங்கால், புறநானூற்று 27-ஆம் பாட்டைக் காட்டிப் பழந்தமிழர் ஆளில்லா விண்ணூர்தி செய்தனர் என்பார் உளர். யாம் இதற்கு உடன்படோம். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்கு உரைப்பது, புலவர் பாடும் புகழுடையார் தம் வினை முடித்தபின் எய்தும் மேலுலகப் பேறு. செலுத்துவோன் இன்மை ஆங்குத் தெய்வத்தன்மையின் குறியே. பொறித்திறனை அப்பாட்டு யாண்டும் பேசவில்லை. அவரே பாடிய 30-ஆம் பாட்டை இவர்கள் தொடாமை வியப்பே! ஞாயிற்றின் இயக்கத்தையும் காற்று வழங்கும் திசையையும் வெறுவெளியையும் நேரிற் சென்று அளந்தவர்போல் கணித்துரைப்பார் அந்நாளில் இருந்தமையை அது காட்டுகின்றது. வானியலுக்குச் சான்று தேடுவார் பற்றத்தக்கது இதுவே. எனினும் புலவர் நோக்கம் வானன்று. அத்தகைய கணிப்பாளர்க்கும் எட்டாதது, களிறு தன் கன்னத்துள் மறைத்த கல்லைப்போல் நலங்கிள்ளி அடக்கி வைத்த வலிமை என்கிறார்.