மெல்லிய பனியில் பட்டமும் பலகையும்

இடுப்பில் அணிந்த கச்சையின் கொக்கியில் பிணைத்த பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அதன் இழுவையால் உறைபனிப் பரப்பின் மீது சறுக்கிச் செல்லும் விளையாட்டைப் பனிப்பட்டச் சறுக்கு எனலாம். காற்றைக் கொண்டு பனியைக் கடக்கும் எண்ணம் புதியதன்று. 1888இல் கிரீன்லாந்தைக் குறுக்காகக் கடந்த நான்சென் குழுவினர் தங்கள் சறுக்குவண்டிகளில் பாய் கட்டிக் காற்றின் உதவியைப் பெற்றனர். கைப்பிடிக் கோல் ஒன்றைத் தள்ளியும் இழுத்தும் இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய இன்றைய பட்டங்கள், அந்தப் பழைய உத்தியைத் தனி ஒருவர் கையாளத்தக்க விளையாட்டாக மாற்றிவிட்டன. மலைச்சரிவோ, உச்சிக்கு ஏற்றிவிடும் கம்பிவட ஏற்றியோ இதற்குத் தேவைப்படாததால், அமெரிக்காவின் வடக்கு டகோட்டா, மின்னசோட்டா போன்ற சமவெளி மாநிலங்களிலும், நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்திலும் இது வேரூன்றியது. ஆனால் இவ்விடங்களில் காற்று மிகுதியாகவும் பனிப்படிவு பல வேளைகளில் சொற்பமாகவும் இருப்பதால், சில விரற்கடைப் பனியின் மேல், இரு கால்களையும் ஒரே பலகையில் கட்டிய ஸ்னோபோர்டுடன் சறுக்குவது எந்த அளவுக்குத் தகும் என்ற வினா எழுகிறது.

மெல்லிய பனிக்கு உண்மையான சிறப்புகள் உண்டு. முழங்கால் வரை புதையும் புதுப்பனியில் பலகை அமிழ்ந்து தடையைச் சந்திக்கிறது. காற்றால் அழுத்தப்பட்டு இறுகிய மெல்லிய படிவிலோ அத்தடை மிகவும் குறைகிறது. மெழுகு பூசிய சறுக்குப் பலகைக்கும் பனிக்கும் இடையிலான உராய்வுக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கு விசை பலகையை நகர்த்தப் போதும் என்பதைக் காட்டும் எண், 0.05 எனக் கொண்டால், 80 கிலோ எடையுள்ள ஒருவரைச் சமதரையில் நகர்த்திக்கொண்டிருக்க ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான இழுவையே போதுமானது. குளிர்காற்றின் அடர்த்தியும் இதற்குத் துணைநிற்கிறது. 20 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதல் அடர்த்தி உடையது என்பதால், அதே வேகத்தில் வீசினும் அது பட்டத்தை அந்த அளவுக்குக் கூடுதலாக இழுக்கிறது. கடலில் இதே விளையாட்டை ஆடுவோர் பயன்படுத்துவதைவிடச் சிறிய பட்டம் பனியில் போதுமாவதற்கு இவ்விரு காரணங்களே முதன்மையானவை.

எனினும் இக்கணக்கு முழுவதும் பனி ஒரே சீராகப் படிந்திருக்கிறது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. மெல்லிய பனியில் மிக எளிதாகப் பொய்த்துவிடுவதும் அந்த அனுமானமே. விளையாட்டுக்கு வேண்டிய காற்றே பனியை மேடுகளிலிருந்து வழித்தெடுத்துப் பள்ளங்களில் குவிப்பதால், பத்து சென்டிமீட்டர் என்று அளக்கப்பட்ட ஒரு வயலில் வெறுந்தரையும் முழங்கால் ஆழக் குவியலும் அடுத்தடுத்துக் கிடப்பது இயல்பு. பனி வழிக்கப்பட்டு உறைந்த புல்லோ, அறுவடைக்குப்பின் நிற்கும் அரிதாளோ தலைகாட்டும் இடத்தில் உராய்வு பல மடங்கு உயர்கிறது. சறுக்குபவர் நின்றுவிடாமல் இருக்கப் பட்டத்தைத் தாழ்த்தி வீசி இழுவையைக் கூட்டுகிறார், அல்லது தொடக்கத்திலேயே பெரிய பட்டமாகத் தேர்ந்துகொள்கிறார். அவ்வாறு மிகையாகத் திரட்டிய இழுவை, பலகை மீண்டும் வழுக்கும் பனியைத் தொட்ட கணத்தில் எதிர்ப்பின்றி விடப்படுகிறது. கயிறிழுக்கும் போட்டியில் எதிரணி திடீரெனக் கயிற்றைக் கைவிட்டால் நேர்வதை ஒத்த நிலை அது. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், நொடிக்கு 6 மீட்டராக வீசிய காற்று 12 மீட்டராக உரக்கும்போது இழுவை நான்கு மடங்காகிறது. உராய்வின் ஏற்ற இறக்கமும் காற்றின் ஏற்ற இறக்கமும் ஒரே கணத்தில் கூடுமாயின், கைப்பிடிக் கோலைத் தளர்த்துவதற்குக்கூட அவகாசம் இராது. பனியின் ஆழம் எவ்வளவு என்று மட்டும் கேட்கும் வழக்கம் இதனால்தான் போதாததாகிறது.

ஸ்னோபோர்டின் அமைப்பு இக்குறையை மேலும் கூர்மையாக்குகிறது. பட்டம் எப்போதும் ஓரளவு பக்கவாட்டில் இழுப்பதால், அந்த இழுப்பை எதிர்த்துத் திசையைக் காக்க, சறுக்குபவர் பலகையின் ஓரத்தில் பதித்த எஃகு விளிம்பைச் சாய்த்துப் பனிக்குள் அழுத்த வேண்டும். ஆழமான பனியில் விளிம்பு பனியையே கடிக்கும். மெல்லிய பனியில் அது அதனைத் துளைத்துக் கீழுள்ள கல்லையோ மண்ணையோ எட்டும். அடிப்பரப்பின் பாலிஎத்திலீன் அடுக்கு கிழிவதும், விளிம்பு மழுங்குவதும் பொருட்சேதம் மட்டுமே. அவற்றைப் பழைய பலகை ஒன்றை ஒதுக்கி வைப்பதன் மூலம் ஈடுகட்டலாம். ஈடுகட்ட முடியாதது கால்பட்டையின் இயல்பு. இரு கால்களுக்கும் தனித்தனியே அணியும் ஸ்கீ எனும் நீண்ட சறுக்குக்கட்டைகள், குறிப்பிட்ட விசைக்கு மேல் திருகப்பட்டால் காலணியை விடுவிக்குமாறு அமைக்கப்படுகின்றன. ஸ்னோபோர்டின் பட்டைகளோ பொதுவாக அவ்வாறு விடுவிப்பதில்லை. பலகை ஒரு கல்லில் சிக்கி நிற்க, பட்டமோ நில்லாமல் மேலுடலை முன்னோக்கி இழுக்கும் நிலையில் இவ்வேறுபாடு மிகப் பெரியது. இரு கால்களும் ஒரே பலகையில் இருப்பதால் முழங்கால் திருகும் காயங்கள் பனிச்சரிவுகளில் ஸ்கீயாளர்களைவிட ஸ்னோபோர்டாளர்களிடம் குறைவு என்பதும் மறுக்கத்தக்கதன்று. ஆனால் அவர்களிடம் மணிக்கட்டுக் காயங்கள் மிகுதி. பட்டத்தை ஆளும் கையே விழும்போது ஊன்றும் கையாகவும் இருப்பதால், அந்த ஆதாயத்தைப் பெரிதாகப் பாராட்டுவதற்கில்லை.

உறைந்த ஏரிகள் இதற்கு ஒரு விலக்கு. அடித்தளம் சமமாகவும் கல்லின்றியும் இருப்பதால் மேற்கூறிய உராய்வுச் சிக்கல் பெருமளவு மறைகிறது. பனி ஒரு போர்வையைப் போல் வெப்பத்தைத் தடுப்பதால், மெல்லிய பனி கிடக்கும் ஏரியில் பனிக்கட்டி விரைவாகத் தடிக்கவும் செய்கிறது. நடந்து செல்வதற்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிந்த புதுப்பனிக்கட்டி வேண்டும் என்பது மின்னசோட்டாவில் அரசு தரும் அறிவுரை. பனி கலந்து வெளுத்த கட்டியின் வலிமை அதில் பாதியளவே. ஆயினும் அதே மெல்லிய பனி விரிசல்களையும் ஊற்றருகே மெலிந்த இடங்களையும் மறைத்துவிடுகிறது. கால்கள் பலகையோடு கட்டப்பட்டவர் நீரில் விழுந்தால் காலை உதைத்து நீந்த இயலாது.

இவ்விளையாட்டைப் பற்றிய உரையாடல்களில் நிலத்தின் தரப்பு அரிதாகவே பேசப்படுகிறது. வடக்கு டகோட்டாவில் குளிர்காலக் கோதுமையை அரிதாள் நிற்கும் வயலில் விதைப்பதற்கு ஒரு காரணம், அத்தாள்கள் பனியைப் பிடித்து நிறுத்தி இளம்பயிரைக் கடுங்குளிரிலிருந்து காப்பதே. அந்தச் சில விரற்கடைப் பனியைப் பலகையின் விளிம்பால் வழித்துச் செல்வது உழவருக்கு இழப்பாகலாம். ஹார்டாங்கர்விட்டாவிலோ, ஐரோப்பாவின் மிகப் பெரிய காட்டுப் பனிமான் கூட்டங்களுள் ஒன்றின் வாழிடமான அந்த மேட்டுநிலத்தில், மான்கள் குளிர்காலத்தில் உண்ணும் லைக்கன் காற்று பனியை வழித்த மேடுகளிலேயே எட்டும் நிலையில் கிடைக்கிறது. பனி மெலிந்த இடங்கள் அவற்றுக்கு மேய்ச்சல் நிலங்கள் என்பதும், வானில் அசையும் பெரிய பட்டம் தொலைவிலிருந்தே அவற்றை வெருட்டி ஓடச்செய்கிறது என்பதும், உணவு அரிதான பருவத்தில் அந்த ஓட்டம் அவற்றின் உடற்சேமிப்பைக் கரைக்கிறது என்பதும் சேர்ந்து, மெல்லிய பனியைத் தேடிச் செல்லும் பழக்கத்திற்கு எதிரான வலுவான வாதமாகின்றன.

ஆகவே, தடிமன் சோதித்து அறியப்பட்ட ஏரியிலும், குட்டையாகப் புல் வெட்டிய, கல்லற்ற, உரியவர் இசைவு தந்த திடலிலும், சிறிய பட்டத்தோடு மெல்லிய பனியில் ஸ்னோபோர்டைப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கது. அரிதாள் வயலுக்கும் கற்கள் நிறைந்த மேட்டுநிலத்திற்கும் அது பொருந்தாத கருவி. அங்கே நிலம் இடம் தந்தாலும் காலை விடுவிக்கும் ஸ்கீயையே அணிய வேண்டும், மான்கள் மேயும் பகுதிகளில் அதையும் தவிர்க்க வேண்டும்.