கோட்டைக்குள் ஒரு பித்து

குற்றாலத்துச் சாரலுக்கு வந்திருந்த உறவினரோடு, தென்காசியில் ஒரு வீட்டில் அமர்ந்து 'ஜுனூன்' என்னும் ஆவணப்படத்தைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. 2015ஆம் ஆண்டு வெளிவந்த இப்படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. அமெரிக்கரான பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கியது. ரேடியோஹெட் என்னும் ஆங்கில ராக் குழுவின் கித்தார் கலைஞர் ஜானி கிரீன்வுட், இந்தியாவில் நெடுநாள் வாழ்ந்து கவ்வாலி பயின்ற இஸ்ரேலியர் ஷை பென் சூர், ராஜஸ்தானத்து இசைவாணர்கள் ஆகியோர் ஜோத்பூரின் மெஹ்ரான்கட் கோட்டையில் கூடி, ஓர் இசைத்தொகுப்பை ஒலிப்பதிவு செய்ததே படத்தின் பொருள்.

'ஜுனூன்' என்றால் பித்து. 'மஜ்னூன்' என்கிறோமே, அதே அரபி வேரில் கிளைத்த சொல். இறைக்காதலில் தம்மை மறந்த குணங்குடியாரை 'மஸ்தான்' என்றழைத்த தமிழ் முஸ்லிம்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உலகப் புகழ் பெற்ற ஒருவர் வந்திருக்கிறார் என்றால், படக்கருவி அவர் முகத்தையே சுற்றிவரும் என்றுதான் நாம் எதிர்பார்த்தோம். அவ்வாறு நிகழவில்லை. கிரீன்வுட் தரையில் ஒரு மூலையில் குனிந்தமர்ந்து கித்தாரை மீட்டுகிறார். வாய் திறப்பதே அரிது. பெரியோர் சபையில் இளையவன் காக்கும் அதபு அவரிடம் தெரிகிறது. முழக்கமெல்லாம் கவ்வாலி பாடுவோருக்கும், பித்தளைக் குழல் ஊதுவோருக்கும், நகரா அடிக்கும் நாத்துலால் சோலங்கிக்கும் உரியது. திடீரென மின்சாரம் நின்றுவிடுகிறது. எல்லோரும் கைகட்டிக் காத்திருக்கின்றனர். புறா ஒன்று ஒலிப்பதிவு அறைக்குள் புகுந்து வெளியேற மறுக்கிறது. ஆர்மோனியத்தின் சுருதி சரியில்லை. ஊருக்குள் கொண்டுபோய்ச் சரிசெய்கிறார்கள். ஆர்மோனியத்தின் வயிற்றைத் திறந்து பார்க்கும் அந்தக் கடைக்காட்சியை நாம் பெரிதும் சுவைத்தோம். பாட்டு என்பது வானிலிருந்து இறங்குவதன்று, கைகள் பல உழைத்துச் செய்வது என்பதனை அச்சிறு காட்சி ஒரு சொல்லும் இன்றி உணர்த்திவிடுகிறது.

இசைக்கருவிகள் கூடுமா, கூடாதா என்னும் வழக்கு நம் ஊர்களில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை, ஆலிம்கள் இருக்கிறார்கள்.

ஆயினும் படத்தின் மீது நமக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. விளக்கக் குரல் வேண்டாம் என்று இயக்குநர் முடிவு செய்தார், நல்லது. ஆனால் பாடப்படும் சொற்கள் எவரை நோக்கியவை, மாங்கனியார், மிராசிப் பரம்பரையினர் இப்பாட்டை எவ்வாறு காத்து வந்தனர் என்பதைப் போதிய அளவு அறிய வழியில்லை. பொருள் கழன்றால், இறைத்துதியும் காதுக்கினிய ஓசையாக மட்டுமே நின்றுவிடும். மேனாட்டு ரசிகருக்கு அது போதும் போலும். இதே தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள பீர்முஹம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை, ஆண்டுவிழாவில் இரவெல்லாம் ஓதக் கேட்டவர்கள் நாம். ஓசை அங்கே சொல்லுக்கு ஏவல் செய்கிறது. அதைக் கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் குறை உறுத்தத்தான் செய்யும்.

குறை கூறும்போதே நம்மையும் எண்ணிக்கொண்டோம். இப்படம் வெளியான அதே 2015இல், ஏப்ரல் 8ஆம் நாள் நாகூர் ஹனீபா மறைந்தார். அவர் குரல் ஒலிக்காத கல்யாண வீடு நம் பக்கத்தில் முன்பு அரிதாகவே இருந்தது. அந்தக் குரலை நன்கறிவோம். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் எப்படி நின்றார், எதைத் திருத்தினார், எத்தனை முறை பாடினார் என்பதனைக் கண்டோமில்லை.

படம் முடிந்ததும் அவ்வீட்டுப் பெரியவர் மெல்லக் கேட்டார்: "ஹனீபாவுக்குத் தபேலா வாசித்தவர் பேர் என்ன, உங்களில் யாருக்காவது தெரியுமா?" கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம். வெளியே சாரல் பெய்யும் ஓசைதான் கேட்டது.